சாட்சி சொன்ன பிறகும் கோபம் வருகிறதே, நான் இரட்சிக்கப்பட்டவள்தானா?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். ஒன்பது வருஷத்துக்கு முன்பு இயேசுவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தேன். இரட்சிப்புக்குப் பிறகு ‘முழுப் பரிசுத்தம்’ என்று இரண்டாவது ஓர் அனுபவம் உண்டு, அதைப் பெற்றவருக்குள் பாவ சுபாவம் வேரோடு பிடுங்கப்பட்டுவிடும் என்று எங்கள் சபையில் போதிப்பார்கள். போன வருஷம் உபவாசக் கூட்டத்தில் அழுது ஜெபித்தபோது பெரிய சமாதானம் வந்தது. பெற்றுக்கொண்டேன் என்று சபைக்கு முன்னால் சாட்சியும் சொன்னேன். என் அம்மா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். பேச்சு போய்விட்டது. நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு ராத்திரி, மூன்றாவது தடவையாகப் படுக்கை நனைந்தபோது, “செத்துத் தொலையக் கூடாதா” என்று கத்திவிட்டேன். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து என்னால் ஜெபிக்க முடியவில்லை. வேறு சபைக்குப் போகும் தோழி, “கிறிஸ்துவுக்குள் நீ ஏற்கெனவே பரிசுத்தவாட்டி, இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளாதே” என்கிறாள். எங்கள் சபை மூப்பர் ஒருவர், “அப்படியானால் நீ மறுபடியும் பிறக்கவே இல்லை” என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மூப்பர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சபையின் போதனையும் தோழியின் பேச்சும் உங்களைக் குழப்புகின்றன. இதுதான் உங்களை ஜெபிக்க விடாமல் தடுக்கிறது. அவர் மனதில் இருந்த வசனம் அநேகமாக 1 யோவான் 3:9 ஆக இருக்கும். “தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்.” தமிழில் வாசிக்கும்போது கதவை அறைந்து சாத்துவதுபோல இருக்கிறது. ஆனால் அதே யோவான் அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், “நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்” என்று எழுதியிருக்கிறார். ‘நமக்கு’ என்று தன்னையும் சேர்த்துக்கொண்டுதான் எழுதுகிறார். அடுத்த அதிகாரம் தொடங்கும்போது, நீங்கள் பாவம் செய்யாதபடிக்கு இதை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல், ஒருவன் பாவம் செய்தால் பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்கிறார். பரிந்து பேசுகிறவர் தேவைப்படுவது அந்தக் குடும்பத்துக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான்.

கிரேக்க மூலத்தில் அந்த வினை தொடர்ந்து நடப்பதைக் காட்டும் நிகழ்காலத்தில் இருக்கிறது, ஆகவே ‘பாவத்திலேயே வாழ்ந்துகொண்டிருக்க மாட்டான்’ என்று பொருள் கொள்ள வேண்டும் என்று பலர் விளக்குவார்கள். இலக்கணத்தின்மேல் மட்டும் அவ்வளவு பாரத்தை ஏற்ற முடியாது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு; அவர்களோடு நான் ஒத்துப்போகிறேன். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த அதிகாரத்தின் போக்கு. சகோதரனை வெறுத்துக்கொண்டு, அது உறுத்தவும் உறுத்தாமல், ‘நான் வெளிச்சத்தில் இருக்கிறேன்’ என்று சொல்லித் திரிகிறவனோடுதான் யோவான் மோதுகிறார். ஒரே ஒரு வாக்கியத்துக்காக மூன்று மாதம் தூக்கமில்லாமல் தவிக்கிற மகளோடு அல்ல. அவளுக்கென்று அதே அதிகாரத்தில் வேறொரு வசனம் வைத்திருக்கிறார்: “நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்.” ஒன்பதாம் வசனத்தை உங்களிடம் சொன்னவர் இருபதாம் வசனத்தையும் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் இரட்சிப்பு அந்த ராத்திரியில் தொலைந்துபோகவில்லை.

இனி, பரிசுத்தமாகுதல். இந்த ஒரு சொல்லை வேதம் மூன்று காலத்திலும் வைத்துப் பேசுகிறது என்பது பிடிபட்டால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். கொரிந்து சபையாருக்குப் பவுல், “கழுவப்பட்டீர்கள், பரிசுத்தமாக்கப்பட்டீர்கள், நீதிமான்களாக்கப்பட்டீர்கள்” என்று நடந்து முடிந்ததாக எழுதுகிறார். அந்தச் சபை எப்படிப்பட்டது? கட்சி பிரிந்து சண்டை போட்டது, ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தது, கர்த்தருடைய பந்தியிலேயே வெறித்திருந்தது. அவர்களைத்தான் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள் என்று அழைக்கிறார், அழைத்துவிட்டு அடுத்தடுத்த அதிகாரங்களில் கண்டிக்கவும் செய்கிறார். தெசலோனிக்கேயருக்கோ, தேவன் உங்களை முற்றிலும் பரிசுத்தமாக்குவாராக என்று இனி நடக்க வேண்டியதாக ஜெபிக்கிறார். எபிரெயர் 10:14 முடிந்ததையும் நடந்துகொண்டிருப்பதையும் ஒரே வரியில் சேர்த்துவிடுகிறது: பரிசுத்தமாக்கப்படுகிறவர்களை ஒரே பலியினாலே என்றென்றைக்கும் பூரணப்படுத்தியிருக்கிறார். ‘படுகிறவர்களை’ என்பது நடந்துகொண்டிருக்கிற வேலை. ‘படுத்தியிருக்கிறார்’ என்பது முடிந்த வேலை. அந்த வசனத்தை ஒரு தாளில் எழுதி, இந்த இரண்டு வினைகளுக்கும் அடியில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோழி முதல் காலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதில் பாதி தங்கம். கிறிஸ்துவுக்குள் உங்களுக்குக் கிடைத்த நிலை ஒரு ராத்திரியின் கோபத்தால் ஆட்டம் காணாது. ஆனால் ‘அலட்டிக்கொள்ளாதே’ என்ற இடத்தில் அவள் தவறுகிறாள். கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா என்று தானே கேட்டு, “கூடாதே” என்று தானே பதில் சொன்னவர் பவுல். விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறோம் என்று முழங்கிய சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரும் இந்த இடத்தில் தோழிக்குத் துணை வரமாட்டார். விசுவாசி ஒரே வேளையில் நீதிமானும் பாவியும் ஆவான் என்றவர் அவர்தான். ஆனால் விசுவாசிக்கு நியாயப்பிரமாணம் இனி வேண்டாம் என்று அவருடைய பழைய மாணவர் ஜான் அக்ரிகோலா போதித்தபோது, 1537 முதல் வரிசையாக விவாதங்கள் நடத்தி அவரை எதிர்த்தார். 1517 இல் வெளியிட்ட 95 கோட்பாடுகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். லூத்தருக்கு அடுத்த தலைமுறைச் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் இதற்கு ஓர் உவமை சொல்வார்: சூரியனின் வெளிச்சமும் வெப்பமும் வேறு வேறு, ஆனாலும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாது, நீதிமானாக்கப்படுதலும் பரிசுத்தமாகுதலும் அப்படித்தான். கிறிஸ்துவைப் பாதியாக வாங்க முடியாது. மன்னிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு மாற்றத்தை அவரிடமே விட்டுவிட்டு வர முடியாது.

கால்வினின் வழி வந்த சபைகள், இந்த மாற்றம் சாகும்வரை முடியாது என்று தெளிவாக எழுதி வைத்தன. 1563 இல் வந்த, கேள்வி-பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கும் ஹைடல்பெர்க் ஞானோபதேசம், மிகவும் பரிசுத்தமானவர்களுக்கும் இந்தக் கீழ்ப்படிதலில் ஒரு சிறிய தொடக்கமே இவ்வுலகில் உண்டு என்கிறது. அதைச் சொன்ன கையோடு, ஆனாலும் அவர்கள் சில கற்பனைகளின்படி மட்டுமல்ல, எல்லாக் கற்பனைகளின்படியும் நடக்க மனப்பூர்வமாகத் தொடங்குகிறார்கள் என்றும் சேர்க்கிறது. சிறிய தொடக்கம், முழு மனது. இந்த இரண்டு சொற்களும் என் ஊழியத்தில் எத்தனையோ பேரைத் தாங்கியிருக்கின்றன.

உங்கள் சபையின் போதனைக்கு வருகிறேன். அதைக் கேலி செய்யவோ ஒரே வரியில் தள்ளிவிடவோ எனக்கு மனமில்லை. அதன் வேர், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் இருக்கிறது. அன்பில் பூரணப்படுதல் இந்த வாழ்க்கையிலேயே சாத்தியம், விசுவாசத்தினால் அது ஒரு நொடியிலும் கிடைக்கலாம் என்று அவர் போதித்தார். 1766 இல் இதைப் பற்றித் தன் விளக்கத்தைத் தொகுத்து வெளியிட்டார். ஆனால் வெஸ்லி உண்மையில் என்ன சொன்னார் என்பதை வெஸ்லியின் பெயரைச் சொல்கிறவர்களே பல நேரம் மறந்துவிடுகிறார்கள். அவர் பாவம் என்று சொன்னது, தெரிந்த கட்டளையை மனமறிந்து மீறுவதை. அறியாமை, தவறான கணிப்பு, உடல் தளர்ச்சி, சோதனை இவற்றிலிருந்து எவரும் இங்கே விடுபட மாட்டார் என்று அவரே எழுதினார். அப்படிப் பூரணப்பட்டவருக்கும் ஒவ்வொரு நொடியும் கிறிஸ்துவின் இரத்தம் தேவை என்றார். பெற்றதை இழக்கவும் கூடும் என்றார். தான் அந்த நிலையை அடைந்துவிட்டதாக அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. லண்டனில் அவருடைய கூட்டத்தாரிலேயே சிலர் தாங்கள் தேவதூதரைப்போல் ஆகிவிட்டதாகப் பேச ஆரம்பித்தார்கள். அவர்களில் ஜார்ஜ் பெல் என்பவர் 1763 பிப்ரவரி 28 அன்று உலகம் முடியும் என்று நாள் குறித்தார். வெஸ்லி அதை வெளிப்படையாக மறுக்க வேண்டியதாயிற்று. இந்தப் போதனை எங்கே வழுக்கும் என்பதை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

‘வேரோடு பிடுங்குதல்’ என்கிற பேச்சும், ‘பெற்றதைச் சாட்சி சொல்லியே ஆக வேண்டும்’ என்கிற அழுத்தமும் ஊன்றிப்போனது அவருக்குப் பிந்திய பரிசுத்த இயக்கத்தில். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஃபீபி பால்மர் என்ற அம்மையார், உங்களைப் பலிபீடத்தில் முழுவதும் வைத்துவிடுங்கள், பலிபீடம் காணிக்கையைப் பரிசுத்தமாக்கும், உணர்ச்சிக்காகக் காத்திராமல் பெற்றேன் என்று விசுவாசியுங்கள், அதை வெளிப்படையாக அறிக்கையிடுங்கள் என்று போதித்தார். அறிக்கையிடாவிட்டால் அது நிலைக்காது என்பதும் அவர் போதனை. தேவன் சொன்னதை நம்பு என்ற அளவில் அதில் நல்ல தைரியம் இருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். ஒரு கூட்டத்தில் தேவன் உங்களுக்குச் சமாதானம் கொடுத்தார். அது மெய் என்றே நான் நம்புகிறேன். அந்தச் சமாதானத்துக்கு ‘இனி எனக்குள் பாவ சுபாவம் இல்லை’ என்ற பெயரைச் சூட்டி மேடையில் சொல்ல வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கோபம் வந்தால் அதை ஒப்புக்கொள்ள உங்களுக்கு இடமே இல்லாமல் போயிற்று. ஒப்புக்கொண்டால் சாட்சி பொய்யாகும், மறைத்தால் வாழ்க்கை பொய்யாகும். ஒரு விசுவாசியை இந்தச் சந்தில் நிறுத்துவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அந்தச் சந்தில் நானும் நின்றிருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் ஒரு கூட்டத்தில் இதேபோலச் சாட்சி சொல்லிவிட்டு, ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் கோபப்படாத நாள்களுக்கெல்லாம் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தேன். பதினாறு கோடு ஆயிற்று. பதினேழாம் நாள் என் தம்பியிடம் எரிந்து விழுந்தேன். அன்றைக்கு அதைக் கோபம் என்று கணக்கு வைக்காமல் ‘பரிசுத்த வைராக்கியம்’ என்று பக்கத்தில் எழுதி, பதினேழாவது கோட்டையும் போட்டுவிட்டேன். அந்தக் கோடு இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில் நான் கணக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் உங்கள் வார்த்தைக்கு அப்படி நல்ல பெயர் எதுவும் வைக்கவில்லை. அதற்காக நான் தேவனைத் துதிக்கிறேன்.

மற்ற சபைகள் என்ன சொல்கின்றன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் சபைக்கு வெளியே எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 1875 இல் இங்கிலாந்தில் தொடங்கிய கெஸ்விக் கூட்டங்கள், பாவ சுபாவம் பிடுங்கப்படுவதில்லை, ஆவியானவருக்கு முழுவதும் ஒப்புக்கொடுக்கும்போது அது மேற்கொள்ளப்படுகிறது என்றன. அதே காலத்தில் ஆங்கிலிக்கன் போதகர் ஜே. சி. ரைல், ஒப்புக்கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதல்ல, ஓடுவதும் போராடுவதும் பரிசுத்தத்தின் பாதை என்று எதிர்த்து எழுதினார். பெந்தெகொஸ்தே சபைகளுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. 1906 இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அசூசா தெரு எழுப்புதலை நடத்திய வில்லியம் சீமோர், இரட்சிப்பு, பரிசுத்தம், ஆவியின் அபிஷேகம் என்று மூன்று படி போதித்தார். 1910 வாக்கில் மற்றொரு பெந்தெகொஸ்தே போதகரான வில்லியம் டர்ஹம், கல்வாரியில் வேலை முடிந்தாயிற்று, இரண்டாவது படி தனியாக இல்லை என்று போதிக்கத் தொடங்கினார். இன்று உலகில் பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகள் டர்ஹமின் வழியில் இருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை, 1547 இல் திரெந்து சங்கத்தில், நீதிமானாக்கப்படுதல் என்பதே உள்ளான மனிதன் புதுப்பிக்கப்படுவதையும் உட்கொண்டது என்று அறிக்கையிட்டது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளோ, பேதுரு சொன்ன “திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்கள்” ஆகும் பயணமாகவே இரட்சிப்பு முழுவதையும் பார்க்கின்றன.

எல்லாரும் ஒன்றையேதான் வேறு சொற்களில் சொல்கிறார்கள் என்று உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். வித்தியாசங்கள் மெய்யானவை. ரோமர் 7 இல் “நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்” என்று அழுவது யார் என்பதிலேயே சபைப் பிதாக்கள் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். அகுஸ்தீனே முதலில் அது கிருபையை அறியாதவனின் அழுகை என்று படித்தார், பிறகு விசுவாசியின் அழுகை என்று மனம் மாறினார். நான் எங்கே நிற்கிறேன் என்று நீங்கள் கேட்பது நியாயம். பரிசுத்தமாகுதல் வாழ்நாள் நெடுக வளர்வது, அதன் நடுவே தேவன் சில நாள்களில் ஒரே பாய்ச்சலாக நம்மைத் தூக்கி வைப்பதும் உண்டு, ஆனால் வேர் இங்கே முழுவதும் போவதில்லை என்பதே என் நம்பிக்கை. முதிர்ந்த வயதில் சிறைக்குள்ளிருந்து எழுதிய பவுல், நான் முற்றும் தேறினவனானேன் என்று எண்ணாமல் ஆசையாய்த் தொடருகிறேன் என்கிறாரே, அந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்குத் துணிவில்லை. ஆனாலும் வெஸ்லியை நான் விடுவதில்லை. ‘எல்லாரும் பாவிகள்தானே’ என்று சொல்லிக்கொண்டே இருபது வருஷமாக ஒரே பாவத்தை மடியில் வைத்து வளர்க்கிறவர்கள் என் தரப்புச் சபைகளில் ஏராளம். தேவனால் இதைவிட அதிகம் செய்ய முடியும் என்று அவர்களுக்குச் சொல்ல வெஸ்லிதான் வேண்டும்.

உங்களுக்கும் வெஸ்லியின் ஒரு பகுப்பு இப்போதே உதவும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, மாதக்கணக்கில் தூங்காத உடம்புக்குச் சலிப்பும் எரிச்சலும் வந்தது பலவீனம். வாயைத் திறந்து அம்மாவின் சாவைக் கேட்டது பாவம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி ‘நான் மோசமானவள்’ என்று ஒரே மூட்டையாகச் சுமக்காதீர்கள். பாவத்துக்கு அறிக்கையும் மன்னிப்பும் வேண்டும். பலவீனத்துக்குத் தூக்கம் வேண்டும். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வேறு யாராவது அம்மாவின் பக்கத்தில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். உறவில் ஆள் இல்லையென்றால் சபையில் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். உங்கள் பரிசுத்தத்தை ஆராய ஒரு மூப்பருக்கு நேரம் இருக்கிறதென்றால், அவர் வீட்டிலிருந்து ஒருவர் ஒரு ராத்திரி உங்கள் வீட்டில் விழித்திருக்கவும் நேரம் இருக்கும். “உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்” என்ற வசனத்தில் ‘உங்கள்’ பன்மை என்பதை மறக்க வேண்டாம். பவுல் அதை ஒரு சபை முழுவதுக்கும் எழுதினார். பரிசுத்தத்தை உங்கள் ஒருத்தியின் தலையில் கட்டவில்லை.

சாட்சி விஷயமாக உங்கள் போதகரைத் தனியாகப் பாருங்கள். நடந்ததை அப்படியே சொல்லுங்கள். “தேவன் எனக்குச் சமாதானம் தந்தார், அது உண்மை. பாவ சுபாவம் போய்விட்டது என்று நான் சொன்னது எனக்குத் தெரிந்ததைவிட அதிகம்” என்று சொன்னால் போதும். மேடையேறித் திருத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்களைப்போலவே அந்தச் சபையில் சிலர் வாயை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருக்கக் கூடும், அதைப் போதகர் தெரிந்துகொள்வது நல்லது. சபையை விட்டுப் போக வேண்டுமா என்று இப்போது முடிவெடுக்காதீர்கள். தூக்கமில்லாமல் எடுக்கிற முடிவு அது.

இவற்றுக்கெல்லாம் முந்திச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாக ஒரு வரி இல்லை. தேவனுக்கு முன்பாக மூன்று மாதமாகத் தவித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் அந்த வார்த்தை விழுந்தது அம்மாவின் காதில். பேச்சு போனவர்களில் பலருக்குக் கேட்பதும் புரிவதும் ஓரளவாவது மிஞ்சியிருக்கும். அவருக்குப் புரிகிறது என்றே எண்ணிப் பேசுங்கள். இன்றைக்கு ராத்திரி விரிப்பை மாற்றி முடித்ததும், கட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்துப் போட்டு, அவர் முகம் திருப்பிய அந்தப் பக்கம் போய் உட்காருங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, என்ன சொன்னீர்கள் என்பதைச் சொல்லி, அது தப்பு என்று சொல்லி, மன்னிப்புக் கேளுங்கள். களைப்பைக் காரணமாகச் சேர்க்க வேண்டாம். அது அவருக்கே தெரியும். பதில் வராமல் போகலாம். கை அசையாமலும் இருக்கலாம். அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த அறையிலேயே, அவர் காதில் விழும்படி ஜெபம் செய்யுங்கள்.